திருச்செல்வம் சேரின் வெற்றிடம்

எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக வேலைக்கு வந்தவர் திருச்செல்வம் சேர் ஒருவர்தான். லீவு போடமாட்டார். சம்பளம் கூட்டிக் கேட்கமாட்டார். தேத்தண்ணி நேரத்தில் அரசியல் பேசமாட்டார். பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் காலையில் வந்து பதினோராம் தரத்துக்குக் கணிதம் படிப்பித்துவிட்டுப் போவார். அவர் இறந்து அப்போது நாலு வருஷமாகியிருந்தது.

நான் வேலைக்குச் சேரும்போதே அவர் இறந்துதான் இருந்தார். அதனால் அவரோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் வந்ததில்லை. முதல் நாள் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன்.

"மௌத்தான மனுசனோடயா வேல?" என்றார் உம்மா. "ஓதிட்டுப் போ மகன்."

கொஞ்ச நாள் ஓதிவிட்டுத்தான் போனேன். பிறகு பழகிவிட்டது. உண்மையில் ஓதிவிட்டுப் போக வேண்டியிருந்தது உயிரோடு இருந்த பணிப்பாளரைப் பார்க்கத்தான்.

மலைநாட்டுக் கல்வி அலைவரிசை என்பது எங்கள் முழுப்பெயர். கண்டி டவுனிலிருந்து ஹந்தானைப் பக்கம் ஏறும் பாதையில், ஒரு வளைவில், முன்னொரு காலம் யாரோ ஒரு துரையின் குதிரைகள் நின்ற கட்டடத்தில் இருந்தது. குதிரைகள் போனதும் முன்பக்கத்தைச் சிங்களப் பிரிவும் பின்பக்கத்தைத் தமிழ்ப் பிரிவும் எடுத்துக்கொண்டன. மழை நாளில் பின்பக்கத்தில் இன்னமும் குதிரை வாசம் வரும். இதைப் பற்றி எழுத்தில் முறையிட்டதற்கு, குதிரைகள் எதுவும் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

தமிழ்ப் பிரிவு என்றால் தயாரிப்பாளர் பிரேமிளா அக்கா, ஒப்பந்தத்தில் இருந்த நான், இறந்துபோன திருச்செல்வம் சேர். புதிய பாடம் பதிவு செய்யக் காசு நின்று பல காலம். அதனால் அவர் உயிரோடு இருந்த கடைசி வருஷம் எடுத்த பாடங்களையே ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

சேர் யாழ்ப்பாணத்து ஆள். கண்டியில் பாதி ஆயுளைக் கழித்தும் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைச் சேர்ட், மடித்துவிட்ட கை, கையில் சோக்கட்டி. திரையில் வந்து நின்றதும், "இருங்கோ பிள்ளையள்" என்று உட்காரச் சொல்வார். அவர் பாடம் எடுத்தபோது கலையகத்தில் பிள்ளைகள் யாரும் கிடையாது. கெமராவும் பிரேமிளா அக்காவும் மட்டுந்தான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்காக நின்று காத்திருப்பார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, திரையின் வலது மூலையில் யாரோ கையுயர்த்தியது மாதிரிப் பார்ப்பார். சில நேரம் முகம் சுருங்கும்.

"இல்லைப் பிள்ளை. வடிவா யோசியுங்கோ."

மறுபடியும் காத்திருப்பார். பிறகு முகம் மலரும்.

"ஓம், சரி. கெட்டிக்காரர்."

ஹெட்போனைப் போட்டு அந்த இடைவெளிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். என் வேலையே அதுதான். அதில் ஒன்றும் இருக்காது. விசிறி இரையும், எங்கோ தூரத்தில் பஸ் ஹோர்ன் அடிக்கும். ஆனால் சும்மா ஒன்றுமில்லாத சத்தம் வேறு. ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லாத சத்தம் வேறு. இரண்டாவதைக் கனநேரம் கேட்டால் பிடரி குளிரும். பிரேமிளா அக்காவிடம் சொன்னேன்.

"மேலதான ஏஸி ஓடுது, குளிராம என்னா செய்யும்" என்றார். ஏஸி பழுதாகி இரண்டு பணிப்பாளர்கள் மாறியிருந்தார்கள்.

ஒருமுறை சிக்கனம் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வெற்று நேரங்களை ஒளிபரப்புவது வீண்விரயமாம். இடைவெளி எல்லாவற்றையும் வெட்டினேன். சேர் கேள்வி கேட்ட வாயோடு பதிலையும் சொல்லிவிட்டுப் பாய்ந்துபோனார். ஒளிபரப்பான அன்றே, பன்வில பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து அதிபர் வீரையா போன் எடுத்தார்.

"தம்பி, சேருக்கு என்னா கோவம்? பிள்ளைங்கள வாயத் தொறக்க விடமாட்டேங்கிறாரு. இன்னைக்கு ரெண்டு பேரு அழுதுட்டாங்க."

வெட்டிய மௌனங்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக உரிய இடத்தில் திரும்பவும் ஒட்டினேன். எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று என் விரல்களுக்கு அன்றிலிருந்து பாடம்.

அந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை. அதாவது, உத்தியோகபூர்வமாக இருக்கிறார். வலயக் கல்வி அலுவலகத்துக் கணக்கில் அங்கே கணித வெற்றிடம் "தொலைக்காட்சி மூலம் நிரப்பப்பட்டது". அதே மாதிரி மலைகளில் இன்னும் எத்தனையோ பாடசாலைகள். திருச்செல்வம் சேர் ஒரே நேரத்தில் அத்தனை இடத்திலும் கடமையில் இருந்தார். அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதவரை உயிருள்ள ஒருவரை அங்கே நியமிக்க வழியில்லை. எழும்பும் உத்தேசமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் இறந்ததை நாங்கள் ஒளிபரப்பில் சொல்லவேயில்லை. அப்போதிருந்த பணிப்பாளர் தடுத்துவிட்டாராம். இறந்தவர் படிப்பிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் யாராவது கேட்டால் தடுத்துவிடும் என்பது அவருடைய கட்சி. நிரப்பிய வெற்றிடங்களின் எண்ணிக்கையைக் காட்டித்தான் எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் காசு வந்தது. பிரேமிளா அக்கா மட்டும், எடிட்டிங் மெசினுக்கு மேலே சேருடைய படத்தை மாட்டி, சந்தனச்சீவல் மாலை போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

பிரச்சினை கடைசிப் பாடத்தில் இருந்தது. அதில் சேர் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவார். கையால் போட்டாலும் கவராயத்தால் போட்டது மாதிரி இருக்கும். மையத்திலிருந்து ஒரு ஆரை. ஆரை வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு தொடலி. பிறகு நம் பக்கம் திரும்புவார்.

"இந்த இடத்தில என்ன கோணம் வரும்? இதை வைச்சுத்தான் மிச்சம் எல்லாம். வீட்டை போய் யோசிச்சுக்கொண்டு வாங்கோ. நாளைக்குச் சொல்லுறன்."

தலையைச் சாய்த்துப் பார்ப்பார். யாரோ அவசரப்பட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சோக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று பின்னேரம் காய்ச்சல். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. நாளைக்குச் சொல்லுறன் என்றது நாலு வருஷமாக அப்படியே நின்றது. ஒவ்வொரு வருஷமும் அந்த இடம் வந்ததும் நாங்கள் முதற் பாடத்துக்குத் திரும்பிவிடுவோம். பாடத்திட்டத்தில் வட்டத்துக்குப் பிறகு வருகிறது எல்லாம் பன்வில பக்கத்தில் மறுமை மாதிரி. இருக்கிறது என்று நம்பினார்கள், யாரும் பார்த்ததில்லை.

இதைப் பற்றி எங்களை விடாமல் கேட்டவள் லோஜினி. வீரையா அதிபருடைய பாடசாலையில் பதினோராம் தரம். அதிபருடைய போனிலிருந்து எடுப்பாள்.

"அண்ணே, சேர்கிட்ட கொஞ்சம் குடுங்க."

"சேர் கலையகத்துக்குள்ள இருக்கார் தங்கச்சி" என்பேன். பொய்யில்லை. அவர் இருந்த ஹார்ட் டிஸ்க் அங்கேதான் இருந்தது.

"எப்பப் போட்டாலும் உள்ளதான் இருக்காரு. வெளியவே வர மாட்டாரா?"

"வேல கூடுதல்."

"மிச்சப் பாடம் எப்பண்ணே வரும்? பரீட்சைக்கு அதுலருந்துதான் நெறைய வருது. எங்கக்கா கணக்குல போயித்தான் கார்மென்ட்ஸ்ல நிக்கிறா. எனக்கும் போச்சுன்னா அடுத்த மெசின் எனக்குத்தான்."

"புத்தகத்துல இருக்குதானே?"

"இருக்கு. புத்தகத்துக்கு வெளங்கலன்னு சொன்னா திரும்பச் சொல்லுமா?"

சேராக இருந்தால் ஓம், சரி என்றிருப்பார்.

அந்த வருஷம் காசு தருகிற குழு, தரவேண்டுமா என்று நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்கும் என்று அறிவித்தது. தமிழ்ப் பிரிவை மூடுவதா, விரிப்பதா. பணிப்பாளர் விரிப்பதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். சேருடைய முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, மிச்சப் பாடத்தை அவரைக் கொண்டே எடுக்க வைப்பது.

"யோசித்துப் பார் மல்லி" என்றார் என்னிடம் சிங்களத்தில், தம்பி என்ற உரிமையோடு. "சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை. இனி இந்த மனிதருக்குச் சாவும் இல்லை."

மாதிரிக்கு ஒன்று செய்யச் சொன்னார். செய்தேன். சேர் வந்தார். அதே சேர்ட். வட்டத்தை வரைந்து, "என்ன கோணம் வரும்?" என்றார். கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொன்னார். காத்திருக்கச் சொல்லி எத்தனையோ விதமாகக் கொடுத்துப் பார்த்தேன். நின்றார். ஆனால் தலை சாயவில்லை. கண் இமைக்கவில்லை. யாரையும் கேட்காமல், சும்மா நின்றார். பிரேமிளா அக்கா ஒருமுறைதான் பார்த்தார்.

"அத நிப்பாட்டு ஸைத்" என்றார். "அது சேர் இல்ல. சேரோட சட்டையப் போட்டுக்கிட்டு வேற யாரோ நிக்கிறான்."

நிறுத்தினேன். ஆனால் விண்ணப்பத்தோடு அது போய்விட்டது. குழு ஆமென்றால், வீரையா அதிபருடைய பாடசாலையில் அந்த வேறு யாரோதான் இனி நிரந்தர ஆசிரியர்.

குழுவிலிருந்து ஒரு மேடம் கொழும்பிலிருந்து வருவதாகவும், அதே பாடசாலைக்குப் போய் பிள்ளைகளோடு இருந்து பாடம் பார்ப்பதாகவும் முடிவானது. கெமராவும் மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு. அதற்கு முதல் நாள் வீரையா அதிபர் போன் எடுத்தார்.

"பிள்ளைங்க சேரோட படம் ஒன்னு கேக்குறாங்க தம்பி. வகுப்புல மாட்டணுமாம். இருந்தா கொண்டாங்க."

பிரேமிளா அக்கா ஹட்டனில், தங்கச்சி மகளுடைய சடங்கில் நின்றார். போனில் மேளச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"மெசினுக்கு மேல இருக்கிறதையே கொண்டு போ! மாலைய எடுத்துரு, மறந்துறாத. மாலையோட போயி நின்னியோ, அவ்வளவுதான்!"

மறக்கவில்லை. மாலையைக் கழற்றி மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். சட்டத்தைச் சேர்ட்டால் துடைத்தேன். கண்ணாடியில் நெற்றிக்கு நேரே சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. அழகாகத்தான் இருந்தது. பிரேமிளா அக்காவும் தினம் பொட்டு வைக்கிறார், வீரையா அதிபரும் பொட்டில்லாமல் வெளியே இறங்கமாட்டார், இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆகவே மாலைதான் ஆபத்து, பொட்டு மங்கலம் என்று முடிவெடுத்தேன். அழித்தால் அவமரியாதையாகவும் போய்விடும். பத்திரிகைத் தாளில் சுற்றி வேனில் ஏற்றினேன்.

வத்தேகம தாண்டியதும் மழை. முன் சீட்டில் பணிப்பாளர். நடுவில் மேடம், மடியில் கோப்பு. பின்னால் நானும் கெமராவும் தாளில் சுற்றிய சேரும். ஒவ்வொரு வளைவிலும் சட்டம் என் தோளில் வந்து சாய்ந்தது, பஸ்ஸில் தூங்கி விழும் பக்கத்துச் சீட்டுக்காரர் மாதிரி. தள்ளிவிட மனமில்லை.

பாடசாலை வாசலில் வீரையா அதிபர் குடையோடு நின்றார். சுருங்கிய கோட், நெற்றி நிறையத் திருநீறு. மேடத்துக்கு வரவேற்புரை நிகழ்த்தினார். கூரை ஒழுகுவது, பிள்ளைகளுக்கு மலசலகூடம் இல்லாதது, கணிதத்தில் சித்தியடைகிறவர்களைக் கைவிரலில் எண்ணலாம் என்பது எல்லாவற்றையும் தூய தமிழில் நெடுநேரம் சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மேடம் சிங்களத்தில்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். "அவர் மிகவும் மகிழ்ச்சியடைகிறார்" என்றேன். மொழிபெயர்ப்பில் அப்போதெல்லாம் நான் கொஞ்சம் கைவேலை காட்டுவதுண்டு.

வகுப்பறையில் டிவி ஒரு மேசைமேல் இருந்தது. பிள்ளைகளுடைய மேசைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. சேர் பார்க்கிற பக்கத்தில்தான் பதில் தெரிந்தவர்களை உட்கார வைப்பார்களாம். அந்த மூலையில் முதல் மேசையில், இரட்டைப் பின்னலோடு, ஒல்லியாக ஒருத்தி.

"நீங்கதான் போன் அண்ணனா?" என்றாள் லோஜினி. "சேர் வரலியா?"

"படம் கொண்டுவந்திருக்கேன்."

"படத்துல என்ன, டெய்லி படமாத்தான பாக்குறோம்." சிரித்தாள். "பரவால்ல, குடுங்க. ஆணி அடிச்சு வச்சிருக்கோம்."

பின்னாலிருந்து ஒருத்தன், "நேர்ல பாத்தா சேர் ஒன்ன அடையாளம் கண்டுக்குவாருடி, நீதான பிழப்பிழயாச் சொல்லுவ" என்றான். வகுப்பே சிரித்தது. லோஜினி தாளைப் பிரித்தாள்.

சிரிப்பு முன் வரிசையிலிருந்து பின்னுக்கு அணைந்து போனது. எனக்கு விளங்கவில்லை. படம் உடைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். உடையவில்லை. லோஜினியுடைய விரல் கண்ணாடியில், அந்தக் குங்குமத்துக்குப் பக்கத்தில், தொடாமல் நின்றது.

வீரையா அதிபர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"என்னா தம்பி செஞ்சிட்டீங்க."

"மாலைய எடுத்துட்டேனே."

"பொட்டு வச்சிருக்கீங்களே. உசுரோட இருக்கிற மனுசனுக்கு நெத்தியில வப்போம். கண்ணாடியில வப்போமா?" அவர் குரல் இறங்கியது. "நான் பேப்பர்ல பாத்தன், அந்த வருசமே. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா இந்த டிவியும் போயிருமேன்னு."

லோஜினி படத்தை ஆணியில் மாட்டினாள். ஒரு பிள்ளை மழையில் இறங்கிப் போய் வேலியிலிருந்து ஒரு செவ்வரத்தம்பூவோடு திரும்பி வந்தது. அதைச் சட்டத்துக்கு மேல் செருகியது.

"எவ்வளவு அழகான வழக்கம்!" என்றார் மேடம். "ஒவ்வொரு நாளும் செய்வார்களா?"

"ஒவ்வொரு நாளும்" என்றார் பணிப்பாளர்.

பாட நேரம் வந்தது. ஹுன்னஸ்கிரிய பக்கத்து மலைமேல் இருந்த ஒளிபரப்புக் கம்பம் மழையில் கொஞ்சம் தடுமாறி, பிறகு படம் பிடித்தது. திருச்செல்வம் சேர் வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்தார்கள்.

"வணக்கம் சேர்" என்று யாரும் சொல்லவில்லை.

"இருங்கோ பிள்ளையள்" என்றார் சேர்.

யாரும் இருக்கவில்லை. பாடம் முழுக்க அப்படியே நின்றார்கள், பிணத்தைச் சுற்றி நிற்பது மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு. சேர் கேள்வி கேட்டார். தலையைச் சாய்த்தார். நானே வெட்டி நானே ஒட்டிய மௌனம் அந்த வகுப்பறையில் வந்து உட்கார்ந்தது. தகரத்தில் மழை. ஹெட்போனில் இத்தனை காலம் நான் தேடிய பிள்ளைகள் என் முன்னால் நிற்கிறார்கள், ஒரு சத்தமில்லை.

"இல்லைப் பிள்ளை. வடிவா யோசியுங்கோ" என்றார் சேர், லோஜினியைப் பார்த்து.

லோஜினியுடைய கன்னத்தில் தண்ணீர் ஓடியது. பதில் அவளுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

"ஓம், சரி. கெட்டிக்காரர்" என்றார் சேர், யாரும் சொல்லாத பதிலுக்கு.

"நல்ல ஒழுக்கம்" என்று மேடம் கோப்பில் எழுதினார்.

காட்டுவதற்கு நான் தெரிவுசெய்திருந்தது கடைசிப் பாடம். அழகான வட்டம் என்பதற்காக. வட்டம் வந்தது. ஆரை வந்தது. தொடலி வந்தது.

"இந்த இடத்தில என்ன கோணம் வரும்? நாளைக்குச் சொல்லுறன்."

சிரித்தபடி போய்விட்டார். திரையில் எங்கள் அலைவரிசையின் சின்னம் வந்து நின்றது.

லோஜினி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, சேர் எப்பச் செத்தாரு?"

"நாலு வருசம்."

"அப்ப நான் போன்ல கேட்டப்பல்லாம்?"

நான் கெமராவின் மூடியைத் தேடினேன்.

"சரி. அந்த அம்மாகிட்ட ஒன்னு சொல்லுங்க" என்றாள். "எங்க கணக்குச் சேர் செத்துப் போயிட்டாரு. அவரு எடத்துல ஆள் போடச் சொல்லுங்க. டிவியில இல்ல. கேட்டா காது கேக்கிற ஆளு."

"என்ன சொல்கிறாள்?" என்றார் மேடம்.

பணிப்பாளருடைய புருவம் உயர்ந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பிள்ளை மிகவும் மகிழ்ச்சியடைகிறாள் என்று ஒரு வசனம் நாக்கில் தயாராகவே இருந்தது. சொன்னால் வேலை இருக்கும், மெசின் இருக்கும், மாலையும் மாலைக்கு உரியவரும் இருப்பார்கள். அந்தக் கண் இமைக்காதவன் வந்து மிச்சத்தை நடத்துவான். இந்தக் கதிரையை அவனிடமிருந்து யாரும் வாங்க முடியாது. லோஜினி, அவளுக்குப் பிறகு வரும் லோஜினிகள், எல்லாரும் அவன் பக்கம் மேசையைச் சாய்த்துப் போட்டுக் காத்திருப்பார்கள்.

லோஜினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. எங்கே படித்தது என்று சொல்லத் தேவையில்லை.

சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. காது கேக்கிற ஆளு என்பதையும் விடவில்லை.

மேடம் படத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"அப்படியானால் இந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர் யார்?" என்று பணிப்பாளரைக் கேட்டார்.

நான் கேட்டதிலேயே நீளமான இடைவெளி அதுதான். அதன் முடிவில் யாரும் ஓம், சரி என்று சொல்லவில்லை.

குழு நியாயமாக நடந்துகொண்டது. இறந்தவர் ஒருவரை இடமாற்றவோ ஓய்வுபெறச் செய்யவோ விதியில் வழியில்லாததால், அவரை நிறுத்திவிட்டார்கள். அவரோடு தமிழ்ப் பிரிவையும். பிரேமிளா அக்கா வாகன வரிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டருக்குப் போனார். பணிப்பாளர் மீன்பிடி சம்பந்தமான ஒரு பதவிக்கு உயர்த்தப்பட்டார். கண்டியில் கடல் இல்லாததால் வேலைப்பளு குறைவு என்று கேள்வி. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மலைகளில் அத்தனை பாடசாலைகளிலும் கணித வெற்றிடங்கள் ஒரே நாளில் உண்மையாகவே வெற்றிடங்களாகின. நியமனம் வரும்போது வரும் என்று வலயம் அறிவித்தது.

சாமான்களை ஒப்படைத்த நாள் லாச்சியைத் திறந்து மாலையை எடுத்தேன். அக்காவிடம் கொடுக்கப் போனேன்.

"எனக்கு எதுக்கு? சேர் இருக்கிற எடத்துல போடு" என்றார். "நீ பேராதனைக் கம்பஸ்ல கணக்குத்தானடா படிச்ச?"

"படிச்சேன். கார்ட்டூன் போட்டதுதான் கூடுதல்."

"வட்டம் போடத் தெரியுமா?"

வீரையா அதிபரிடம் பிள்ளைகளை வரச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை பன்வில பஸ்ஸில் ஏறினேன். மடியில் மாலை. உம்மா, "இப்ப யாரோட வேல மகன்?" என்று கேட்டிருந்தார். "அதே ஆளோடதான்" என்றேன். ஓதி ஊதிவிட்டு அனுப்பினார்.

வகுப்பறையில் டிவி அதே மேசைமேல், அணைந்து, கறுப்பாக இருந்தது. மாலையைப் படத்துக்குப் போட்டேன். திரும்பினேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்க" என்றேன்.

நின்றார்கள்.

"உக்காருங்கப்பா."

ஒருத்தரும் அசையவில்லை. அடாவடி இல்லை, முகத்தில் மரியாதைதான் இருந்தது. எதற்கோ காத்திருந்தார்கள்.

"இருங்கோ பிள்ளையள்" என்று வந்தது என் வாயிலிருந்து. கட்டுகஸ்தோட்டையில் பிறந்த என் வாயிலிருந்து, அப்படியே அந்த இழுவையோடு. உட்கார்ந்தார்கள்.

சோக்கை எடுத்து வட்டம் போட்டேன். முட்டை மாதிரி வந்தது. பின்வரிசை சிரித்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஆரை. தொடலி. நாலு வருஷமாக நிற்கிற இடத்துக்கு வந்து நின்றேன்.

"இந்த இடத்தில என்ன கோணம் வரும்?"

என்னை யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்கள். அதில் வகுப்பு தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, வெள்ளைச் சேர்ட்டோடு நான் தெரிந்தேன். அன்று என்ன நிறச் சேர்ட் போட்டேன் என்பதைப் பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று என் விரல்களுக்குத் தெரியும்.

"செங்கோணம்" என்றாள் லோஜினி. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு வகுப்பே சொன்னது.

"ஓம், சரி. கெட்டிக்காரர்."

நான்தான் சொன்னேன் என்று லோஜினி இன்றுவரை சாதிக்கிறாள். எனக்கு நினைவிருக்கிறவரை, கீழே விழுந்த சோக்கை எடுக்க நான் அப்போது குனிந்திருந்தேன். வாயைத் திறக்கவே இல்லை.